வேலம்மா அறுத்து வந்த புல்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் லாலான் துடைப்பதில் வேலம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழாங்கட்டை என்ன, குவாலா சிலாங்கூரில் தொடங்கிச் செகிஞ்சான் வயல் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. உறவுக்காகவோ ஊருக்காகவோ சொல்லும் பேச்சல்ல இது. பெரிய படிப்புப் படித்தவர்கள் துரைகளைப் பற்றி எழுதுவார்கள், ரயில் பாதை போட்டவனைப் பற்றி எழுதுவார்கள். புல் துடைத்தவளைப் பற்றி எழுத மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கியவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

லாலானைச் சாதாரணப் புல் என்று நினைக்கக் கூடாது. வெட்டினால் தழைக்கும். கொளுத்தினால் பூக்கும். வெள்ளை வெளேரென்று பூத்து, பஞ்சாய்ப் பறந்து, அடுத்த டிவிஷனில் போய் இறங்கும். மண்ணுக்கடியில் வெள்ளைக் கிழங்கு வேர் ஊசிமுனையோடு ஓடும். செருப்பில்லாத காலைத் துளைத்துவிடும். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் கன்றுகளுக்கு இடையில் இது தலைகாட்டினால் துரைக்குத் தூக்கம் போய்விடும். அதனால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துக் கொல்வார்கள். ஆமாம், துடைத்துத்தான். பழைய பனியன் துணியை மூன்று விரலில் சுற்றிக்கொண்டு, இடுப்பு டின்னில் இருக்கும் மருந்தில் நனைத்து, இலையை அடியில் பிடித்து நுனிவரை ஒரே இழுப்பு. குழந்தைக்கு மூக்குத் துடைப்பது மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாளில் புல் மஞ்சளாகி வேரோடு சாகும்.

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பனி காயும்வரை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஈரப் புல்லில் மருந்து ஒட்டாது. பனி காய்ந்துவிட்டதா என்று வேலை வாங்கும் மண்டோர் குனிந்து பார்க்கமாட்டார். வேலம்மா எழுந்துவிட்டாளா என்றுதான் பார்ப்பார். அவள் முடித்த நிரையை அவர் சோதித்ததே இல்லை.

பக்கத்து நிரை இராஜம்மாவுடையது. பதினெட்டு வருடமாக ஒன்றாகத் துடைப்பவர்கள். இராஜம்மாவுக்குக் கையைவிட வாய் வேகம்.

"ஏன்டி வேலு, நீ தொடைக்கிற அழகப் பாத்தா அந்தப் புல்லுக்கே சாக ஆசையா இருக்கும்போல!"

வேலம்மா சிரிக்கமாட்டாள். அவள் சிரிப்பு எழுபதாம் வருடத்தில் கப்பலேறிப் போய்விட்டது.

அவள் புருஷன் சிவானந்தம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். பத்து வயதில் வந்தவன், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி அட்டை. அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. லட்சம் பேர் கலங்கி நின்றார்கள். சிவானந்தத்துக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. வேலம்மா இந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவள், குடியுரிமையோடு நீல ஐசி. மகள் கங்காவுக்கு நாலு வயது. "ஒரு வருஷம். ஊர்ல நெலத்தப் பாத்துட்டு, காயிதம் சரி பண்ணிக்கிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறினான். மூன்று வருடம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

செங்கல் சூளையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சொன்னார் இன்னொருவர். அவனுடைய தம்பி கார்த்திகேசு, லோரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், ஊருக்கு எழுதிக் கேட்டார். வீடு இடிந்து கிடக்கிறது, ஆள் இருக்கும் இடம் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான். செத்தான் என்றும் யாரும் எழுதவில்லை.

மருந்து வருவதற்கு முன்னால், சங்கோல் மண்வெட்டி போட்டு லாலானைத் தோண்டி எடுத்த காலத்தில், சிவானந்தமும் அவளும் ஒரே கூட்டத்தில் வேலை செய்தவர்கள். தோண்டிய வேரில் நல்ல பிஞ்சாக ஒன்றை எடுத்து, வாய்க்காலில் அலசி, பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை அவளிடம் நீட்டுவான். லேசாக இனிக்கும். "கரும்புத் தோட்டத்து மொதலாளி பொண்டாட்டி மாதிரி இரு" என்பான். இப்போது எல்லா வேரிலும் மருந்து. வாயில் வைக்க முடியாது.

எண்பத்து நாலில் ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து லீலாவதி என்று ஒரு பெண் வந்தாள். தோட்டத்தில் என்னென்ன களை இருக்கிறது என்று எடுத்துப் பழைய நாளிதழுக்குள் அழுத்திக்கொண்டு போகும் படிப்பு. அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது! ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி யோசிக்கவே இல்லை. வேலம்மாவைக் கூப்பிட்டுக் கூட அனுப்பினார். மூன்று நாள் இருவரும் வரப்பு வரப்பாக அலைந்தார்கள். லீலாவதி கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதை வேலம்மா பத்தடி தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள்.

லாலானை எடுத்துத் தாளில் வைத்துவிட்டு, "இதுக்குப் பேரு இம்பெராட்டா சிலிண்ட்ரிக்கா" என்றாள் லீலாவதி.

"ஏன் டீச்சரம்மா, லாலான்னு கூப்ட்டா அதுக்குக் காது கேக்காதா?"

லீலாவதி சிரித்துவிட்டாள். "மலாய்க்காரங்க ஒரு பேரு சொல்றாங்க, ஆப்பிரிக்காவுல ஒரு பேரு, ஜப்பான்ல ஒரு பேரு. எல்லாரும் ஒரே புல்லத்தான் சொல்றோம்னு தெரியணும்ல அக்கா? அதுக்குத்தான் இது. மொதல் பேரு வீட்டுப் பேரு, ரெண்டாவது ஆளு பேரு."

"குடும்பம்?"

"புல்லுக் குடும்பம். நெல்லு, கரும்பு, மூங்கிலு எல்லாம் இதுல அடக்கம்."

"மூங்கிலா! இந்தக் குள்ளனுக்கு அவ்ளோ ஒசரத்துல ஒரு அண்ணனா?"

வேலம்மா வாய்க்காலில் இறங்கி நீளமாக ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். "அப்ப இதுவும் அதே சொந்தம்தானே? பச்சையா, நீட்டமா, ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

லீலாவதி அதன் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். "இது கோரை. உருட்டிப் பாருங்க, மூணு மூலை இருக்கும். புல்லுத் தண்டு உருண்டையா இருக்கும். பாக்கத்தான் ஒண்ணு. குடும்பமே வேற."

வேலம்மாவுக்கு இதெல்லாம் கை அறிந்த விஷயம். கேட்கவேண்டும் என்று அவள் மனசில் கிடந்தது வேறு. மூன்றாம் நாள் சாயங்காலம், அந்தப் பெண் பெட்டியைக் கட்டும்போது கேட்டாள்.

"டீச்சரம்மா, இந்த லாலான் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்குமா?"

"இல்லாம? ஆத்தங்கரை, கொல்லை, எல்லா எடத்துலயும் இருக்கும். இந்தப் புல்லு போகாத ஊரு கொஞ்சம்தான். அங்க சில எடத்துல இதத்தான் தர்ப்பைன்னு காரியத்துக்கு எடுப்பாங்க."

அன்றிலிருந்து அவளுடைய வேலையில் ஒரு மாற்றம் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. நிரை அதே நேரத்தில் முடியும். ஆனால் ஒவ்வோர் இலையையும் அடியில் பிடிக்கும்போது, இதே இலை அங்கே அந்த மனுஷன் காலில் உரசிக்கொண்டிருக்கும் என்று நினைப்பு ஓடும். வேரைப் பிடுங்கி அலசிக் கடிப்பானோ? மீதியை நீட்டப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? யாராவது இருந்துவிட்டுப் போகட்டும், இருந்தால் சரி. இப்படி நாளுக்கு ஆயிரம் இலை, ஆயிரம் நினைப்பு.

எண்பத்தாறில் கங்காவுக்கு வரன் வந்தது. ரவாங்கில் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், அங்கேயே வேலை செய்யும் சுங்கை சோ பையன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா நவமணி தட்டு வைத்துப் பேச வந்தார். பேச்செல்லாம் சுமுகம். அழைப்பிதழ் விஷயத்துக்கு வந்தபோதுதான் இடித்தது.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் நவமணி. "பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால என்ன போடறது? திருன்னு போட்டா, ஆளு எங்கன்னு கேப்பாங்க. அமரர்னு போட்டா, எப்ப காரியம் பண்ணீங்கன்னு கேப்பாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க, அச்சுக்குக் குடுக்கணும்."

"திருன்னே போடுங்க" என்றாள் வேலம்மா.

"போடலாம். அப்ப அவரு வந்து தாரை வாத்துக் குடுக்கணுமே?"

நவமணி கெட்டவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று பயப்படுகிறவர். அவர் போனபிறகு கார்த்திகேசு மெதுவாகத் தொடங்கினார்.

"அண்ணி, பன்னெண்டு வருஷம் தகவல் இல்லன்னா காரியம் பண்ணிரலாம்னு சாஸ்திரமே சொல்லுது. பதிமூணு ஆச்சு. அந்தப் பக்கம் புயல் அடிச்சுதே, அதுலயே போயிருப்பாரு."

"புயலுக்கு நாலு வருஷம் முன்னாலயே கடுதாசி நின்னுபோச்சு தம்பி."

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? கூடப் பொறந்தவன். கங்காவப் பாருங்க. கல்யாணம் நின்னுபோச்சுன்னா?"

கங்கா சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லல லா. அம்மா இஷ்டம்" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணுக்காக வேலம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, கை கழுவப் போவதுபோல் பின்பக்கம் போனாள்.

குவாலா சிலாங்கூரிலிருந்து உமாபதி பண்டாரம் வந்து முறையைச் சொன்னார். உடம்பு இல்லாத சாவுக்குத் தர்ப்பையால் ஆள் செய்ய வேண்டும். தலை, கை, கால் எல்லாம் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உயிர் அதில் இறங்கியதும் கொள்ளி வைக்க வேண்டும். பதினாறு முடிந்தால் கல்யாணத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

"இந்த நாட்டுல தர்ப்பைக்கு எங்க போறது சாமி?" என்றார் கார்த்திகேசு.

"லாலான்தான் நமக்குத் தர்ப்பை. எங்கப்பா காலத்துலருந்து அதுலதான் பண்றோம். ஆனா ரெண்டு விஷயம். மருந்து பட்ட புல்லு ஆகாது. வேற புல்லும் கலக்கக் கூடாது. கலந்தா கூப்ட்ட உயிரு எறங்காது, பண்ணது பண்ணாததுதான்."

கார்த்திகேசு தலையைச் சொறிந்தார். இந்தத் தோட்டத்தில் மருந்து படாத லாலானா? எங்கே இருக்கிறது என்று ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். புருஷனை எரிக்கப் புல் அறுத்துக்கொண்டு வா என்று எந்த நாக்கால் சொல்வது?

"எடத்த மட்டும் சொல்லுங்க அண்ணி, நான் போறேன்."

"உங்களுக்குத் தெரியாது தம்பி. நானே போறேன்" என்றாள் வேலம்மா.

ஆற்றோரம், கம்போங் குவாந்தான் போகும் வரப்புக்கு இந்தப் பக்கம், தோட்டத்து எல்லைக்கு வெளியே கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. மருந்து டின் அங்கே போனதில்லை. மறுநாள் காலை அவள் அரிவாளோடு போனபோது லாலான் இடுப்புயரம் நின்று பூத்திருந்தது. வெள்ளைப் பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கூட்டமாக ஆட்கள் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

வேலம்மா குனிந்து ஒரு பிடி பிடித்தாள். அரிவாளை வைத்தாள். கை இழுக்கவில்லை.

இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் லாலானைக் கொன்ற கை! இந்த ஒரு பிடிக்கு மறுத்தது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் வரவில்லை. ஒரு இலையைக் கிள்ளி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். லாலான் இலையில் வெள்ளை நரம்பு நட்டநடுவில் ஓடாது, ஒரு பக்கம் தள்ளி ஓடும். கோணல் வகிடு எடுத்த தலை மாதிரி. சிவானந்தம் அப்படித்தான் வகிடு எடுப்பான். எத்தனை தரம் அவள் சீப்பை வாங்கித் திருத்தியிருக்கிறாள்!

"ஏங்க" என்றாள் சத்தமாக. ஆற்றங்கரையில் யாரும் இல்லை. "இருக்கீங்களா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

காற்று நின்றுபோயிருந்தது. புல் அசையவில்லை.

அவள் மேட்டிலிருந்து இறங்கினாள். கீழே பள்ளத்தில், தண்ணீரோரம், கோரை மண்டிக் கிடந்தது. பச்சையாக, நீளமாக. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் இறங்கி அறுத்தாள். அதற்குக் கை தாராளமாக வந்தது. இரண்டு பெரிய கட்டு. அடித்தண்டை எல்லாம் ஒரே அளவாக நறுக்கி, கோரைப் பூவை ஒன்று விடாமல் கிள்ளி ஆற்றில் போட்டாள். வேலையில் அவள் சுத்தம் அப்படி. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் காரியம். உமாபதி பண்டாரம் டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவர்; கட்டி நீட்டிக் கொடுத்தால் எதுவும் அவருக்குப் புல்தான். கார்த்திகேசுக்கு லோரி தெரியும், புல் தெரியாது. உதவிக்கு உட்கார்ந்த பெண்களில் இராஜம்மா முதல் ஆள். கால் கட்டுவதற்கு ஒரு பிடி எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். ஒரு தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். மறுபடி உருட்டினாள். தலையை நிமிர்த்தி வேலம்மாவைப் பார்த்தாள்.

வேலம்மா கண்ணை எடுக்கவில்லை.

"என்ன இராஜம்மா, புல்லு பத்தலையா?" என்று கேட்டார் பண்டாரம்.

இந்த வாய் ஏழு லயத்துக்குக் கேட்கும் வாய். இப்போது திறந்தால் கல்யாணம் போகும், மானம் போகும்.

"நல்ல புல்லு சாமி" என்றாள் இராஜம்மா. "இந்த மாதிரி புல்லு நான் பாத்ததே இல்ல." சொல்லிவிட்டு இறுக்கிக் கால் கட்டினாள்.

சிவானந்தம், சிவானந்தம், சிவானந்தம் என்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கார்த்திகேசு கொள்ளி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பச்சைக் கோரை லேசில் பிடிக்கவில்லை; புகைந்துகொண்டே இருந்தது. "போக மனசில்ல, பாரு" என்று கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். வேலம்மாவின் பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். ஒரு முரண்டும் பிடிக்காமல் கழுத்தைக் காட்டினாள். கல்நெஞ்சக்காரி என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அவளோ கேட்காதவள் மாதிரி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமரர் சிவானந்தம் என்று அழைப்பிதழ் அச்சாகி வந்தது. வைகாசியில் கோயில் மண்டபத்தில் கல்யாணம். கார்த்திகேசும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள். பெற்றவள் மணவறைப் பக்கம் போகக் கூடாது, விதவை. கடைசித் தூணுக்குப் பின்னால், சமையல் கொட்டகை வாசலில் நின்றாள். கெட்டிமேளம் மட்டும் கேட்டது. ஆட்கள் எழுந்து நின்றுகொண்டதால் மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. நான் சுமங்கலிதான் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு முன்னால் போக வாயில்லை. தெரிந்து வாங்கிய தண்டனை. கையிலிருந்த அரிசியைத் தூணுக்குப் பின்னாலிருந்தே தூவினாள். அது முன்னால் இருந்த யாருடைய முதுகிலோ விழுந்தது.

திங்கள்கிழமை மறுபடி பெரட்டு. பனி காயவில்லை. இராஜம்மா அவளைக் கொஞ்சம் தள்ளி ஒரு செம்பனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதமாக அடக்கிவைத்திருந்தவள். அந்த வாய்க்கு அது மூன்று யுகம்.

"ஏன்டி, நெஞ்சழுத்தக்காரி! கோரையக் கொண்டாந்து வெச்சியே, எதுக்குடி? பொட்டும் போச்சு, பூவும் போச்சு. பெத்த பொண்ணு கல்யாணத்தக்கூடக் கண்ணால பாக்கல. எல்லாந்தான் போச்சே. அப்ப நல்ல புல்லாவே அறுத்திருந்தா என்ன?"

வேலம்மா துணியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பொட்டு போனா போவட்டும்டி. நாளைக்கே ஆளு வந்து வாசல்ல நின்னு, 'ஏன்டி, எனக்குக் கருமாதி பண்ணிட்டியா'ன்னு கேட்டா? இல்லன்னு சொல்ல எனக்கு ஒரு வாய் வேணாமா?"

"வருவாருன்னு நெனைக்கிறியா?"

"வரமாட்டாரு."

"அப்பறம்?"

"வந்தா?"

இராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிதான். வந்தா எனக்கு மொதல்ல சொல்லியனுப்பு. பதினாறாம் நாளு சோத்துல ரெண்டு எலை தின்னுருக்கேன். அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அப்பளமே ஆறு!"

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலேறிப் போன சிரிப்பு, பதினாறு வருடம் கழித்து, உடைந்த குரலில். சிரித்துக்கொண்டே அழுதாள். மண்டோர் தூரத்திலிருந்து, "என்னா அங்க, வேலைக்கு வந்தியா, கூத்துக்கு வந்தியா?" என்று சத்தம் போட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புல் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்குள் இறங்கினாள்.